வீடு பெண்ணுக்கு, கையெழுத்து ஆணுக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பெண்கள் அமைப்புகள் கூடிய கதை, கூட்டப்பட்ட கதை

மட்டக்களப்பில் பெண் பிள்ளை பிறந்த வீட்டில், பிள்ளை தவழ முன்னரே அடுத்த வீட்டுக்கான கணக்குத் தொடங்கிவிடும். வளவின் ஓரத்தில் அத்திவாரம் விழும். நல்ல போகம் வாய்த்தால் ஒரு சுவர். குவைத்திலிருந்து காசு வந்தால் இன்னொரு சுவர். கூரை ஏற வருடங்கள் ஆகலாம், ஆனால் ஏறாமல் விடாது. கலியாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் மாப்பிள்ளைதான். அடுத்தடுத்த மகள்மாருக்கு வீடு போதாவிட்டால் தாய் தகப்பன் கொட்டிலுக்கு மாறுவார்கள், மூத்தவளின் வீடு மூத்தவளுக்கே. ஆரையம்பதித் தமிழ்க் குடும்பத்திலும் இதே கதைதான், காத்தான்குடி முஸ்லிம் குடும்பத்திலும் இதே கதைதான். இரு சமூகத்திலும் குடி தாய் வழியில் வருகிறது. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை என்பதைத் தீர்மானிப்பதும் அந்தத் தாய்வழிதான்.

முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட பழைய வழமை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு ஆணின் முதுசச் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கே போகும். 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த வழமை நீதிமன்றப் படியேறும் தகுதியை இழந்தது. சீதன வீடு மட்டும் ஊர்வழக்கில் தப்பிப் பிழைத்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணோடு ஒப்பிட்டால் மட்டக்களப்புப் பெண் சட்டப்படி சற்று மேலான இடத்தில் நிற்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். தேசவழமை ஆளும் வடக்கில் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கிழக்கில் அது இல்லை.

அப்படியானால் மட்டக்களப்பு பெண்ணாட்சியா? இந்த நம்பிக்கையை வெளியூர் விருந்தாளிகள் மட்டுமல்ல, உள்ளூர்ப் பிரமுகர்களும் மேடைகளில் ஆசையோடு சொல்வார்கள். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் ஆண். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆண்கள். தாய்வழிக் குடி என்றாலும் குடியின் பேரில் பேசுகிற வாய் தாய்மாமனுடையது. கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களைத் தமிழ், முஸ்லிம், சிங்களச் சமூகங்கள் மூன்றிலும் ஆராய்ந்த கஞ்சனா ருவன்புர, 2006இல் வெளிவந்த தன் நூலின் தலைப்பிலேயே விடயத்தை முடித்துவிட்டார்: சமூகம் தாய்வழி, யதார்த்தம் ஆணாதிக்கம். வீடு அவளுடைய பெயரில் இருக்கலாம். அவளுக்காகக் கதைப்பதும் ஒப்பமிடுவதும் வேறொருவர்.

இதையே இன்னொரு தளத்துக்கு எடுத்துச் செல்லலாம். கடந்த நாற்பது ஆண்டுகளில் மட்டக்களப்புப் பெண்கள் கூடியதற்குக் குறைவே இல்லை. இயக்கம் கூட்டியது, அரசாங்கத்தின் மாதர் சங்கங்கள் கூட்டின, கடன் கம்பனிகள் கூட்டின, வெளிநாட்டு நிதி கூட்டியது. கூட்டம் பெண்களுடையதாகவும் முடிவு வேறு யாருடையதாகவும் இருந்த நாட்களே அதிகம். இங்குள்ள பெண்கள் அமைப்புகளின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் தங்கள் கணக்கில் தாங்களே கூடிய சந்தர்ப்பங்கள். அவை சில. ஆனால் கனமானவை.

*

2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்தில் கிடக்கும் நாவலடியும், அதன் அருகே டச்பார், திருச்செந்தூர் கிராமங்களும் அன்று காலை சுனாமியில் துடைத்தெடுக்கப்பட்டன. இறந்தவர்களில் பெண்கள் அதிகம். நீந்தத் தெரியாமை, உடுத்தியிருந்த சேலை, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று பிள்ளைகள். மட்டக்களப்புக் கரையில் பெண்கள் கடலில் குளிக்கும் நேரத்தில் அலை வந்தது என்பதை ஒக்ஸ்பாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை தனியாகக் குறிப்பிட்டது.

முகாம்களில் வேறு பிரச்சினைகள் தொடங்கின. கதவில்லாத மலசலகூடம். இரவில் வெளிச்சம் இல்லை. நிவாரணப் பொதியில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, மாதவிலக்குத் துணி இருக்கவில்லை. உள்ளாடை கேட்கப் பெண்கள் கூசினார்கள், வரிசையில் நின்று பகிர்பவர்கள் ஆண்கள். குடித்துவிட்டு வந்த கணவன்மார், இருட்டில் நீளும் கைகள். 2005 ஜனவரியிலேயே மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகளும் தனிப்பட்ட செயற்பாட்டாளர்களும் சேர்ந்து அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். முகாம் முகாமாகப் போனார்கள், எழுதினார்கள், எழுதியதை அதிகாரிகள் மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. உலகத்து நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எல்லாம் மட்டக்களப்புத் தெருவை அடைத்து நின்ற அந்த நாட்களில், ஆங்கிலக் கூட்டங்களில் இடம்பிடித்து, முகாமிலிருக்கும் பெண் என்ன கேட்கிறாள் என்பதைச் சொல்லிவைப்பது எளிதான வேலையாக இருக்கவில்லை.

பிறகு வந்தது வீட்டுப் பிரச்சினை. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்றது அரசாங்கம். கரையோர வீடுகள் பெரும்பாலும் சீதன வீடுகள், ஆகவே பெண்களுடையவை. அவை போன இடத்துக்குப் பதிலாக உள்ளே வேறு காணியில் புது வீடு தருவதாகப் படிவம் வந்தது. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். கிராம அலுவலர் அங்கே கணவனின் பெயரை எழுதினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, எல்லாப் படிவத்திலும் அவர் அப்படித்தான் எழுதி வந்தார். இலங்கைச் சட்டத்தில் குடும்பத் தலைவர் என்று எவரையும் வரையறுத்த பிரிவு கிடையாது. அது வெறும் நிருவாகப் பழக்கம். அந்தப் பழக்கம் ஒரே பேனைக் கோட்டில் தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டை ஆணின் சொத்தாக்கியது. பெண்ணுக்கு உதவ வந்த திட்டம் பெண்ணிடம் இருந்த ஒன்றையே பறித்தது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் இந்தக் கூட்டமைப்புப் பெண்கள். இருவர் பெயரிலும் உறுதி வேண்டும் என்று கேட்டார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்ஸும் சுனாமிக்குப் பிந்திய வீடமைப்பையும் சீதனத்தையும் பற்றிப் பின்னர் எழுதியபோது இந்தச் சிக்கல் ஆய்வுலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இருவர் பெயரிலும் உறுதி என்பதில்கூட ஒரு முள் இருக்கிறது. வழமைப்படி வீடு முழுவதும் பெண்ணுக்கு. கூட்டு உறுதி என்றால் பாதி போகிறது. தென்னிலங்கையிலும் வெளிநாடுகளிலும் கூட்டு உடைமை ஒரு முன்னேற்றம், மட்டக்களப்பில் அது ஒரு சமரசம். தேசிய மட்டக் கோரிக்கைக்குள் இந்த ஊர்க் கணக்கைப் புரியவைக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஒன்றுசேர்தல் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், காணிப் பிரச்சினைக்கு வேறு முகம். அங்கே வயல்கள் பல அரச காணிகள், அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்து வரிசையில் மகனை முன்னால் வைத்தது, மகளை அடுத்ததாக. கணவன் இறந்தால் மனைவி ஆயுள்வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். யுத்தத்தில் கணவனை இழந்து ஒற்றை ஏர் நிலத்தில் பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் மேல் இந்தச் சட்டம் எப்படி இறங்கியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் பெண்கள் அமைப்புகள் பல்லாண்டுகள் முட்டிமோதிய பின், 2022இல் நாடாளுமன்றம் அந்த வரிசையைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. 87 வருடங்கள். ஆனால் உயிரோடு இருக்கும்போது அனுமதிப்பத்திரக்காரர் தன் மகனைப் பின்னுரித்தாளியாக நியமித்திருந்தால் அந்த நியமனமே நிற்கும். திருத்தம் எட்டுவது, எவரையும் நியமிக்காமல் இறந்தவரின் காணியை மட்டும்தான்.

*

சுனாமிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கூட்டமைப்பு எழுந்ததென்றால் அதற்கு முன்னரே மண் பண்பட்டிருந்தது. அது நடந்த காலம் பொல்லாத காலம்.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது, கைதாகும் பையன்களை விடுவிக்கச் சொல்லித் தாய்மார் தெருவுக்கு வந்தார்கள். அதன் கிளை கிழக்கிலும் விரிந்தது. 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் அன்னை பூபதி உண்ணாநோன்பைத் தொடங்கினார். இந்திய அமைதிப்படை போரை நிறுத்த வேண்டும், விடுதலைப் புலிகளோடு பேச வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஏப்ரல் 19 அன்று அவர் உயிர் பிரிந்தது. அவருடைய படம் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாலையோடு வருகிறது. அந்த முன்றலில் அவரோடு பாயில் அமர்ந்திருந்த மற்றப் பெண்களை, அந்த முன்னணியை, அதற்குள் நடந்த விவாதங்களை எவரும் நினைவுகூர்வதில்லை. தாயின் கண்ணீர் அரசியலுக்கு நல்ல முதலீடு. தாயின் கருத்து அப்படியல்ல. அரசுகள், இயக்கங்கள், கட்சிகள் எல்லாம் இந்த ஒரு விடயத்தில் ஒத்த மனத்தவர்கள்.

1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12 அன்று ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான் படுகொலை. ஆறு கிழமைக்குள் ஒரே வாவிக்கரையில் இத்தனை. எஞ்சிய பெண்கள் ஒருவர் ஊரூடாக மற்றவர் போக அஞ்சினார்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே போகும் வீதியில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. பஸ்ஸில் ஏறினாலே எல்லை கடக்க வேண்டும்.

கச்சேரியிலும் முகாம் வாசலிலும் பதில் கிடைக்காத பெண்கள் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம் மகன் எங்கே என்று கேட்டார்கள். அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். காணாமற்போனவர் பற்றி வாய்விட்டுப் பேசுவது உயிராபத்தாக இருந்த காலத்தில் கோயில் மண்டபம் ஒன்றுதான் அதைப் பேசக்கூடிய இடமாக இருந்தது. வாக்குச் சொல்பவர்களில் பலரும் பெண்கள், கேட்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். எந்த அமைப்புப் பட்டியலிலும் இது இல்லை, எந்த நிதியறிக்கையிலும் இல்லை. ஆனாலும் பெண்கள் தங்கள் கணக்கில் தாங்களே கூடியது இங்கேதான் முதலில் என்று எழுத என் கை கூசவில்லை.

சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பிறந்தது 1991இல், மட்டக்களப்பில் அல்ல, கொழும்பில். யுத்தம் துரத்தி அங்கே வந்து சேர்ந்த வடக்கு கிழக்குப் பெண்களோடு வேலை தொடங்கியது. 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. நகரைச் சுற்றி முகாம்கள், இரவில் ஷெல், பகலில் சுற்றிவளைப்பு. அந்த நேரம் பெண்ணிலைவாதம் பேசிக்கொண்டு ஒரு வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்டுவது வேடிக்கையாகப் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு. யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டத்தில் இருந்தபோது, 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தவர். ஈழத்துப் பெண்களின் கவிதை ஒரு தனிக்குரலாகத் தமிழில் அறிமுகமானது அந்தச் சின்னத் தொகுப்போடுதான். அவர் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அந்தச் சூழலும் கூட வந்தது. ஓவியர் வாசுகி ஜெயசங்கரின் கோடுகளும் வண்ணங்களும் சூரியாவின் முகமாயின. ‘பெண்’ என்ற சஞ்சிகை வந்தது. யுத்தத்தின் நடுவில், எந்தத் தரப்பும் விரும்பாத விடயங்களைப் பெண்கள் எழுதி அச்சடித்து விநியோகித்தது சிறு காரியமல்ல. யாழ்ப்பாணத்தில் ‘தோழி’ சஞ்சிகையை நடத்திய கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவில்லை என்பதை இவர்கள் அறிவார்கள். பூரணி பெண்கள் இல்லத்தோடு உழைத்த மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுடப்பட்டதையும் அறிவார்கள்.

பறையும் இதில் வந்தது. மட்டக்களப்பில் சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் கட்டிப்போட்ட வாத்தியம் அது, ஆண்கள் அடிப்பது. மார்ச் 8 ஊர்வலங்களில் பெண்கள் அதை இடுப்பில் கட்டி அடித்தபோது பெண் என்ற எல்லை மட்டும் மீறப்படவில்லை, சாதி எல்லையும் மீறப்பட்டது.

*

தமிழ், முஸ்லிம் பெண்கள் ஒன்றாக வேலை செய்வது பற்றி அறிக்கைகள் அழகாக எழுதும். நடைமுறையில் அது கூட்டத்துக்கு யார் எந்த ஊருக்குப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, சாப்பாடு யார் வீட்டில் என்பதிலேயே தொடங்கும். வாகரையில் சண்டை என்றால் ஓட்டமாவடியில் கூட்டம் தள்ளிப்போகும். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தபோது, பிள்ளைகளை முகாம்களிலிருந்து மீட்கத் தாய்மார் அலைந்த நாட்களில், கூட்டம் என்ற பேச்சே இல்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு இந்த உறவுகளுக்கு வந்த பெருஞ்சோதனை. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் சிறுவர்கள் பலர். தாக்குதலை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடியான். மறுநாளே முழு ஊரும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஒரு கிழமை கழிய முகத்திரை தடைசெய்யப்பட்டது, ஹபாயா உடுத்த பெண்கள் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் மறிக்கப்பட்டார்கள். தடை சொன்னது முகத்தை மூடுவதை, மறிக்கப்பட்டது தலையை மூடியவர்களையும். இழந்தது ஒரு சமூகத்துப் பெண், தண்டிக்கப்பட்டது இன்னொரு சமூகத்துப் பெண். இரு பக்கத்தையும் ஒரே அறையில் இருத்திக் கதைக்க அந்த வேளையில் மட்டக்களப்பில் சில பெண்கள் அமைப்புகளால் மட்டுமே முடிந்தது. காரணம் எளிது. பல வருடமாக ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டிருந்தார்கள்.

இந்த நட்பின் மிகக் கடினமான இடம் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். நாட்டின் மற்றவர்களுக்குத் திருமண வயது 1995 முதல் 18. முஸ்லிம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது இச்சட்டத்தில் இல்லை, 12 வயதுக்குக் கீழ்ப்பட்டால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை, அவளுடைய வலி, அதாவது ஆண் பாதுகாவலர், ஒப்பமிட்டால் போதும். காதி நீதிபதியாக ஒரு பெண் வர முடியாது. அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று இதற்குக் குடை பிடிக்கிறது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டு கருத்தாகப் பிரிந்து. 2021இல் அமைச்சரவை வயதை 18 ஆக்க உடன்பட்டது. பின்னர் முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்களே கைகோத்து எதிர்த்தார்கள். திருத்தம் சட்டமாகவில்லை.

இதில் தமிழ்ப் பெண்கள் அமைப்பு வாய் திறக்கலாமா? திறந்தால், ‘எங்கள் மார்க்கத்தில் தலையிட நீங்கள் யார்’ என்ற கேள்வி காத்தான்குடியில் எழும், அந்தக் கேள்வியின் அடி முஸ்லிம் தோழிகளின் முதுகில்தான் விழும். திறக்காவிட்டால் தோழமைக்கு என்ன பொருள்? 2019க்குப் பிறகு இந்தச் சட்டத்தை மாற்று என்று உரத்துக் கத்தியவர்களில் சிலர், முஸ்லிம் பெண்ணின் மேல் ஒருபோதும் அக்கறை காட்டாத இனவாதிகள். அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கும் தர்மசங்கடம் வேறு. முஸ்லிம் பெண்களே முன்னே நின்று பேச, மற்றவர்கள் பின்னே நின்று பலமாவது என்ற வழக்கம் மெல்ல உருவாகியிருக்கிறது. என் கருத்தில் அது சரியான வழி. ஆனால் செலவு உண்டு. முன்னே நிற்கும் சிலர் தனித்துப்போய், வசவும் மிரட்டலும் வாங்கி, ஊரைவிட்டு நீங்கவும் நேர்ந்திருக்கிறது. ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் ஒரு வானொலிப் பேட்டிக்குப் பிறகு எதிர்கொண்டவற்றை நாடே அறியும்.

*

பெண்கள் ஒன்றுசேர்வதன் பெறுமதியைச் சரியாக எடைபோட்டவர்கள் நுண்கடன் கம்பனிக்காரர்கள் என்றால் சிலர் கோபிக்கலாம். யுத்தம் முடிந்ததும் ஏ-15 வீதி திருத்தப்பட்டது, 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது, அதுவரை ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. முதலில் வந்தவர்களில் கடன் கொடுப்பவர்களும் இருந்தார்கள். பிணை கேட்கவில்லை, காணி உறுதி கேட்கவில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்து குழுவாக வந்தால் போதும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வர் கட்ட வேண்டும்.

ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் தோள் கொடுக்கும் பழக்கத்தையே பிணையாக எழுதி வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது. தவணை நாளில் கம்பனி ஆள் வீட்டு வாசலில் குந்தியிருப்பார், அவருக்கு முன்னரே குழுப் பெண்கள் வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியே வசூலிப்பவள் ஆனாள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. 2018இல் இலங்கை வந்த ஐ.நா. கடன் விவகார நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 வீதம் வரை போனதாகச் சொன்னார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. தூக்கு மாட்டியவர்களுக்கும் நஞ்சு குடித்தவர்களுக்கும் அது பிந்திய அறிவிப்பு.

2021 மார்ச் 8 அன்று பொலனறுவை ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள், ஐம்பது நாட்களுக்கு மேல் அமர்ந்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்களும் கிழக்கின் தமிழ், முஸ்லிம் பெண்களும் ஒரே தவணை அட்டையைக் கையில் வைத்திருந்தார்கள். யுத்தமும் சமாதானமும் இணைக்காதவர்களை வட்டி இணைத்தது.

2022இல் நாடு வங்குரோத்தானது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது அரசாங்கம், செப்டம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். காலிமுகத்திடல் அரகலயவை வடக்கு கிழக்குத் தமிழர் பெருமளவு தூரத்திலிருந்தே பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் காணாமற்போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்து நின்றது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்புப் பெண்கள் அந்தக் கேள்வியை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. நடந்தார்கள். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து காந்தி பூங்காவரை, நாளுக்கு நாள், நீதிக்கான நடைபயணம். பதாகைகளில் அரிசி விலை இருந்தது, நுண்கடன் இருந்தது, காணாமல் ஆக்கப்பட்டோர் இருந்தார்கள், காணி இருந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. தலைவர் என்று ஒருவர் இல்லை. மேடை இல்லை. சில நாள் கூட்டம், சில நாள் ஒரு சிலர். நூறு நாளைத் தாண்டியும் அது தொடர்ந்தது.

அந்த ஆண்டே நாட்டின் பல பாகத்துப் பெண்கள் சேர்ந்து பொருளாதார நீதிக்கான பெண்ணிலைவாதக் கூட்டை உருவாக்கினார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளையும் அஸ்வெசும உதவித்தொகையையும் வரிசைப்படி வாசித்து, ஒவ்வொன்றிலும் பெண்ணின் உழைப்பு எங்கே கரைகிறது என்று எழுதினார்கள். இது எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. முன்பெல்லாம் பொருளாதாரம் என்று வந்தால் பெண்களுக்குத் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் கொடுத்து அனுப்புவார்கள். எத்தனை ஆயிரம் கோழிக்குஞ்சு இந்த மாவட்டத்துக்கு வந்திறங்கியது என்று எவராவது கணக்கெடுத்தால் நல்லது.

*

ஊர்வலத்தைவிட அன்றாடம்தான் கடினம். அடிபட்ட பெண் ஒருத்தி செங்கலடியிலோ வவுணதீவிலோ வீட்டை விட்டு வெளியேறினால் அவளுக்குத் தேவைப்படுவது ஒரு சங்கிலி. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகம், சட்ட வைத்தியர், நீதவான் நீதிமன்றம், சட்ட உதவி ஆணைக்குழு, தங்க ஓர் இடம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டால் அவள் என்னத்தில் ஒப்பமிட்டாள் என்றே தெரியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் நாட்டில் எந்தச் சட்டமும் தானாகப் பஸ் ஏறி வவுணதீவுக்குப் போவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் அவளோடு கூடப்போகிற ஒருத்தி வேண்டும். மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகளின் ஒற்றுமை என்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு அமைப்பிடம் சட்டத்தரணி, இன்னொன்றிடம் தங்குமிடம், மற்றொன்றிடம் அந்தக் கிராமத்தில் தெரிந்த முகம். தொலைபேசி அடித்தால் எடுப்பார்கள்.

அரசியல் கதவும் சற்றுத் திறந்திருக்கிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு. அதற்கு முன் நாடு முழுவதும் இரண்டு வீதத்தைக்கூட அவர்கள் எட்டவில்லை. கட்சிகள் தங்கள் தங்கச்சிமாரையும் மருமகள்மாரையும் பட்டியலில் போட்டு ஒதுக்கீட்டை நிரப்பின என்பது உண்மை. அப்படி நிரப்பப்பட்டவர்களில் சிலர் பிறகு சபையில் எழுந்து சொந்தமாகப் பேசத் தொடங்கி, கொண்டுவந்தவர்களைத் திகைக்க வைத்ததும் உண்மை. சபைகள் 2023இல் கலைந்து, 2025 மே 6 தேர்தலில்தான் மீண்டும் வந்தன. 2024இல் நிறைவேறிய பெண்களை வலுவூட்டும் சட்டம் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழி வைத்திருக்கிறது. அதன் கிளை படுவான்கரை வரை வருமா என்பது வேறு.

இப்போதைய தலைவலி பணம். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதோடு இலங்கைப் பெண்கள் அமைப்புகள் பலவற்றின் கைகள் கட்டுண்டன. சிலருக்கு இது நல்லதற்கே என்ற எண்ணம்கூட இருக்கிறது. திட்டத்துக்குத் திட்டம் பெயரை மாற்றி, நன்கொடையாளருக்குப் பிடித்த சொல்லைக் கூட்டி, ஒரே மேசைக்கு வரவேண்டிய அமைப்புகள் ஒரே நிதிக்கு விண்ணப்பித்துப் போட்டியாளராகிய நாட்களை அவர்கள் மறக்கவில்லை. அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது, ஆனால் அலுவலக வாடகை கட்டாதவர்கள் சொல்லும் நியாயம். வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளையின் உச்சக் காலம் 12 மாதம். நிதித் திட்டங்களின் ஆயுளும் அநேகமாக அவ்வளவுதான். கட்டளை முடிந்து 13ஆம் மாதத்தில் அவன் மறுபடியும் வாசலுக்கு வரும்போது, அவளோடு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணின் பஸ் காசை எந்த வரவு செலவில் எழுதுவது என்பதுதான் இப்போது மட்டக்களப்புக் கூட்டங்களில் தீராத நிகழ்ச்சி நிரல்.